கோட்டையில் செத்த தம்பிக்கு

செந்துறை
9.6.2024

தம்பி காசிநாதனுக்கு அக்கா பொன்னம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, மணிமொழி மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்கவில்லை. சாந்தாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

ஊரே போனில் பேசுகிற காலத்தில் நான் தபாலாபீசில் கவர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மணிமொழி பத்தாவது படித்த வருஷம் குலசாமி கோயிலில் சூடத்தைக் கையால் அணைத்து, "இனி ஒன்னோட பேசுனா என் நாக்கு அழுவிப் போவட்டும்" என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். பேசமாட்டேன் என்றுதான் அணைத்தேன். எழுதமாட்டேன் என்று அணைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மணிமொழிக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை ஜெயங்கொண்டம், பெயர் பூவரசன். தையில் கல்யாணம். பெண் பார்க்க வந்த சம்பந்தி, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? இருக்கிறான், ஐம்பது வயது தாண்டியவன், ரஞ்சன்குடிக் கோட்டையில் சினிமாக்காரர்களோடு பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று சொல்லவா? சோள லோடு வெளியூர் போயிருக்கிறது, அதோடு போயிருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். நம் பெரியப்பா மகன் அங்கமுத்து பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டினான்.

தலையில் முண்டாசும் கையில் அட்டைக் கத்தியுமாக நீ நிற்கிற போட்டோ எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை வந்துவிட்டது. அப்பா உயிரோடிருந்தால் உன்னைக் கட்டி வைத்து உதைத்திருப்பார்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
பொன்னம்மாள்

*

ரஞ்சன்குடி
21.6.2024

அக்காவுக்கு காசிநாதன் வணக்கம். நாங்கள் நலம். சாந்தாவுக்கு மூட்டு சரியில்லை, வாய் நன்றாக இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அது பாவாடை இல்லை. தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டி. சண்டைக்குப் போகிறவன் அப்படித்தான் கட்டுவான். உனக்கு எங்கே தெரியப்போகிறது?

சினிமா சினிமா என்று வாயைப் பிளக்கிறார்களே, இந்தக் கூத்தை ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். கதை இவ்வளவுதான். ஏதோ ஒரு பாளையம். அப்பன் செத்ததும் அண்ணன் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் ராஜா என்கிறான். தம்பி வெளியே ஆள் திரட்டி வந்து இல்லை நான்தான் என்கிறான். ஒரே ஊர் ஜனம் இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்டு சாகிறது. நடுவில் கதாநாயகன் கயிற்றில் தொங்கிக்கொண்டே வந்து ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்க்கிறான். அந்தச் சூரனுக்கு ஏணியில் நாலு படி ஏறினால் தலை சுற்றுகிறது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு ஒரு பையன்தான் குதிக்கிறான். குதிரைகளோ வேட்டுச் சத்தம் கேட்டதும் நேராக என் சோளக்காட்டுக்குள் போய்விடுகின்றன. ஒரு தூறல் விழுந்தால் போதும், இரண்டு படையும் அட்டைக் கத்தியை மடியில் மறைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுகிறது.

படை என்ன படை! மொத்தமே எங்கள் ஊர் ஆட்கள்தான். காலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டினால் அண்ணன் படை. சாம்பார் சாதம் தின்றுவிட்டுப் பச்சை கட்டினால் தம்பி படை. காலையில் நான் குத்திக் கொன்றவனுக்காக மதியம் நானே பழிவாங்கப் புறப்படுகிறேன். கேட்டால் டைரக்டர், "யாரும் கவனிக்க மாட்டாங்க சார்" என்கிறான். முப்பது வயது இருக்கும். வாள் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரியாத பயல்.

பிறகு ஏன் போகிறாய் என்று கேட்பாய். என் மீசையைப் பார்த்து அவர்கள் வந்து கூப்பிட்டார்கள். மரியாதையாகக் கூப்பிட்டால் போவேன்.

மணிமொழிக்கு இப்போது என்ன நிறம் பிடிக்கும்? சாந்தா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

காசிநாதன்

*

செந்துறை
4.7.2024

மீசைக்காரத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே முந்திரிக்காட்டில் வேலை இல்லை, வெயிலும் குறையவில்லை. மற்றபடி சுகம்.

மரியாதையாகக் கூப்பிட்டால் போவாயாமே. நல்ல நாக்கு. குலசாமிக்குக் கிடா வெட்டினால் தலை பெண் எடுத்த மருமகனுக்கு என்பது நம் வழக்கம். நாம் சூடம் அணைத்த அன்று உன் மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டு காத்து நின்றார். நீ அந்தத் தலையைத் தூக்கி அங்கமுத்து தட்டில் வைத்தாய். "பங்காளிக்குத்தான் மொத மருவாதி" என்று நூறு பேர் முன்னால் சொன்னாய். அன்றைக்கு மரியாதை எங்கே போயிருந்தது? உன் மாமா அன்று சாப்பிடாமல் பஸ் ஏறினார். இன்றுவரை கிடாக்கறி தொடுவதில்லை.

இருக்கட்டும். கல்யாணத்துக்கு நீ வர வேண்டும் என்றால் நான் வெற்றிலை பாக்குத் தட்டோடு உன் வீட்டு வாசலில் நின்று, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வாடா" என்று வாயால் சொல்ல வேண்டும். தபாலில் அழைத்தால் அது அழைப்பாகாது. அசலூர்க்காரனுக்கு அனுப்பலாம், தாய்மாமனுக்கு ஆகாது. வாய் திறந்தால் என் சத்தியம் போச்சு. நான் ஏன் முதலில் திறக்க வேண்டும்? தப்பு செய்தவன் நீ. நீ வந்து முதலில் பேசு. பிறகு நான் அழைக்கிறேன்.

நீ மாலை எடுத்துக் கொடுக்காமல் என் பெண் மணவறை ஏற வேண்டும் என்றால் அப்படியே ஏறட்டும்.

மயில் கழுத்து நிறம். நான் சொன்னதாகச் சாந்தாவிடம் சொல்லாதே.

பொன்னம்மாள்

*

ரஞ்சன்குடி
26.7.2024

அக்காவுக்கு. நாங்கள் நலம். ஆடிக் காற்றில் கொட்டகைக் கீற்று பாதி பறந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்தேன். கல்யாணம் உன் வீட்டில். அழைக்க வேண்டியவள் நீ. அழைக்கப் போகிற நீதான் முதலில் பேச வேண்டும். அழைப்பில்லாத வீட்டு வாசலில் போய்ப் பல்லிளித்து நிற்க எனக்கு வராது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

இங்கே எனக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. அண்ணன் ராஜாவாக நடித்தவன் வேறு படம் கிடைத்ததும் ஓடிப்போய்விட்டான். அவன் பேசுகிற காட்சியெல்லாம் முடிந்துவிட்டதாம். சாகிற காட்சி மட்டும்தான் பாக்கி. உடம்பும் மீசையும் எனக்கு அவனைப் போலவே இருப்பதால், "சார், நீங்க செத்துக் குடுங்க போதும்" என்கிறான் டைரக்டர். பேச ஒரு வார்த்தை கிடையாது. மதில் மேலிருந்து மெத்தையில் விழ வேண்டும். மறுநாள் பாடையில் கிடக்க வேண்டும். தம்பிக்காரன் வந்து, ஐயோ அண்ணா நாடு வேண்டாம் நீதான் வேண்டும் என்று என் மேல் விழுந்து அழுவானாம். இத்தனை பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு அழுகையாம். எழுதினவனுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது போலிருக்கிறது.

அழுகிற கூட்டத்தில் சாந்தாவும் இருக்கிறாள். கண்ணில் ஏதோ தைலம் விடுகிறார்கள். அது இல்லாமலே அழுவேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள்.

காசிநாதன்

*

செந்துறை
12.8.2024

காசிநாதனுக்கு. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

எட்டாம் தேதி காலையில் அங்கமுத்து ஓடிவந்தான். "ஒந்தம்பி கோட்டை மதில்லேருந்து வுழுந்துட்டான்" என்று போனை நீட்டினான். வெளியே நின்ற எவனோ எடுத்த படம். நீ மேலே நிற்கிறாய், தடுமாறுகிறாய், தலைகுப்புற விழுகிறாய். ஆட்கள் ஓடுகிறார்கள். அதோடு முடிந்துவிட்டது. நீ எழுதிய மெத்தை அதில் தெரியவில்லை, மெத்தை தவறி விழுந்துவிட்டாய் என்றே நம்பிவிட்டேன். மணிமொழி உனக்கும் சாந்தாவுக்கும் மாற்றி மாற்றிப் போன் செய்தாள். இரண்டும் அணைந்து கிடந்தன. படப்பிடிப்பில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

செந்துறையிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர். பஸ்ஸில் எனக்கு யார் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கினேன். மாலைக்காரி, "யாருக்கும்மா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே புரிந்துகொண்டு மாலையை இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

உன் வீடு பூட்டிக் கிடந்தது. பறைச் சத்தம் கோட்டைப் பக்கமிருந்து கேட்டது. ஓடினேன். தலைவிரி கோலமாகச் சாந்தா உட்கார்ந்து அழுகிறாள். நீ பட்டு உடுத்திப் பாடையில் கிடக்கிறாய். இவன் செத்தாலும் ஜம்பமாகத்தான் சாவான் என்று நினைத்துக்கொண்டேன். காமிரா இருந்ததே, தெரியவில்லையா என்று உன் ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். தெரிந்தது. இப்போது எந்தச் சாவுக்குத்தான் வீடியோ எடுக்கவில்லை?

மாலையை உன் மேல் போட்டுவிட்டு விழுந்து அழுதேன். என்ன சொல்லி அழுதேன் என்று எழுதமாட்டேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. பிறகு ஒருவன் "கட்" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். என் அழுகைக்குக் கை தட்டினார்கள், காசிநாதா.

இரண்டு பேர் என்னைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். நான் போட்ட மாலையோடு காமிராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய்.

நான் உன் காதில் வாயை வைத்து அழுதேனே. மூச்சு விட்டுக்கொண்டுதானே கிடந்தாய்? உனக்கு அது வேடிக்கையாகப் போயிற்றா? தூ! நீ என் பெண் கல்யாணத்துக்கு வராதே. பேசினாலும் வராதே, பேசாவிட்டாலும் வராதே.

பொன்னம்மாள்

*

ரஞ்சன்குடி
31.8.2024

அக்காவுக்கு. நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நல்ல மழை. சின்ன வெங்காயம் அழுகாமல் இருந்தால் சரி. சோளத்தில் புழு இல்லை. சினிமாக்காரர்கள் போய்விட்டார்கள். பொய்த் தூண்களையெல்லாம் அப்படியே போட்டுவிட்டார்கள். ஆடுகள் அந்த அட்டையைத் தின்கின்றன. படம் எடுத்தவர்களைவிட ஆடுகளுக்குப் புத்தி இருக்கிறது, வர்ணம் பூசிய பக்கத்தை விட்டுவிடுகின்றன.

சாந்தாவை டவுனில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூட்டுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்.

காசிநாதன்

*

செந்துறை
17.10.2024

காசிநாதனுக்கு. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

மழையைப் பற்றி எழுத நீ என்ன ரேடியோவா? நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது வெங்காயம். உன் கடிதத்தை உன் மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அந்த மனிதருக்கு இருக்கிற கௌரவத்தில் கால்வாசி உனக்கு இருந்தால் இப்படி நடந்திருக்காது.

அந்தப் படத்தின் துண்டு ஒன்று வெளிவந்திருக்கிறது. மணிமொழி போனில் பார்த்துவிட்டு என்னிடம் மறைக்கப் பார்த்தாள். பிடுங்கிப் பார்த்தேன். குதிரை, தீ, கயிற்றில் தொங்குகிற உன் சூரன். கடைசியில் நான். முகம் காட்டவில்லை, முதுகும் கையும் மட்டும்தான். ஆனால் அந்தக் குரல் என் குரல். கீழே ஜனங்கள் எழுதியிருக்கிறார்களாம், யார் இந்த நடிகை, உடம்பு சிலிர்க்கிறது என்று. செந்துறையில் எனக்கு இப்போது நடிகை என்று பெயர். சந்தோஷம்தானே?

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயர் இல்லை. மாலை எடுத்துக் கொடுக்க அங்கமுத்துவைச் சொல்லிவிட்டேன். பெரியப்பா மகனும் மாமன் முறைதான். கிடாத்தலையை அவனுக்குக் கொடுத்தாய். உன் இடத்தையும் நான் அவனுக்கே கொடுத்துவிட்டேன். அவன் இப்போதே வெள்ளை வேட்டி சட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். மணிமொழி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனி எழுத ஒன்றும் இல்லை.

பொன்னம்மாள்

*

ரஞ்சன்குடி
24.11.2024

அக்காவுக்குக் காசிநாதன் வணக்கம். மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். மெய்யாகவே சொல்.

மூன்று மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். சாந்தா திட்டித் தீர்த்துவிட்டாள். "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு, ரெண்டு பேரையும் அந்தப் பாடையிலயே கட்டி அனுப்பியிருக்கணும்" என்கிறாள்.

முதலில் அந்தச் சிரிப்பு. சினிமாக்காரர்களுக்கு ஒரு சாங்கியம் இருக்கிறது. பிணமாக நடித்தவன் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அப்போதுதான் சாவு தோஷம் கழியுமாம். கடவுளே இல்லை என்று பேசுகிற பயல்கள் எல்லாம் இதில் மட்டும் நடுங்குகிறார்கள். சிரிக்காமல் எழுந்து போனால் ஆறு மாதத்தில் மெய்யாகவே போய்விடுவானாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிங்க சார், சிரிங்க சார்" என்று டைரக்டர் கெஞ்சினான். சாந்தா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சிரிச்சுத் தொலைங்க" என்று அழுதாள். அவளுக்காகப் பல்லைக் காட்டினேன். அதைத்தான் நீ திரும்பிப் பார்த்திருக்கிறாய். அதற்குள் நீ படியிறங்கிவிட்டாய். அந்தக் கனத்த உடுப்போடு ஓடிவந்தேன். பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

உன் குரலை எடுத்துவிடச் சொல்லி டைரக்டரோடு சண்டை போட்டேன். "மொத்தப் படத்துலயும் நெசமா இருக்கறது அது ஒண்ணுதான் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பொய்க் கத்தி, பொய்த் தூண், பொய் ராஜா. கடைசியில் எங்கள் வீட்டு அழுகையை எடுத்துப் போய்த்தான் அவன் படத்தை ஒப்பேற்றியிருக்கிறான். வெட்கங்கெட்டவன். மறுபடி போய்க் கேட்டேன், எடுக்கமாட்டேன் என்றுவிட்டான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஏன் எழுந்திருக்கவில்லை?

மாலை மேலே விழுந்தபோது நடிக்க வந்த பெண் என்றுதான் நினைத்தேன். நீ "காசி" என்றதும் தெரிந்துவிட்டது. உடனே எழுந்திருக்கலாம். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தால் நீ பேச்சை நிறுத்தியிருப்பாய். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பாய். மறுபடி எந்த ஜென்மத்தில் உன் குரலைக் கேட்பது? அதனால் கிடந்தேன். நீ திட்டினாய், கேட்டுக்கொண்டு கிடந்தேன். "ஒரு ஆட்டுத் தலைக்காவா ஒன்ன வுட்டுட்டேன், பாவி நான், ஒரு வார்த்தை பேசுடா" என்றாய். அம்மா செத்த அன்று எனக்கு நீ சோறு ஊட்டியதைச் சொன்னாய். எனக்கு அது மறந்தே போயிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிணத்தின் கண்ணில் தண்ணீர் வந்தால் படம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் படத்தைப் பற்றிக் கவலை இல்லை. நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

என்ன சொல்லி அழுதேன் என்று எழுதமாட்டேன் என்றாயே, அந்த அழுகையில் இன்னொன்றும் சொன்னாய். "எந்திரிச்சு வாடா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு வாடா, நீ வராம யாருடா அவளுக்கு மாலை எடுத்துக் குடுப்பா" என்றாய். வாயால் சொன்னாய். வெற்றிலை பாக்கு இல்லை, மாலையே போட்டுச் சொன்னாய். ஊரே கேட்டது. தாய்மாமனுக்கு இதற்குமேல் என்ன அழைப்பு வேண்டும்?

கிடாத்தலை விஷயத்தில் நான் செய்தது திமிர். மாமாவிடம் நேரில் சொல்வேன். அங்கமுத்துவை அவன் வேட்டியோடு வீட்டிலேயே இருக்கச் சொல்.

மயில் கழுத்து நிறப் பட்டு எடுத்தாகிவிட்டது.

காசிநாதன்

*

செந்துறை
6.12.2024

தம்பி காசிநாதனுக்கு அக்கா எழுதுவது. மாமாவும் மணிமொழியும் சுகம். நானும் இருக்கிறேன். உன் சுகத்தை எழுது.

சாமர்த்தியமாக எழுதியிருக்கிறாய். பிணத்திடம் சொன்னது பேச்சாகாது. அழைப்பும் ஆகாது. அது ஒப்பாரி. நீ பிணமாகக் கிடந்து கேட்டுவிட்டு, உயிரோடு வந்து பந்தியில் உட்காரலாம் என்று பார்க்கிறாய். சினிமாக்காரர்களோடு சேர்ந்து உனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை மணிமொழி படித்தாள். அவர் கேட்டுவிட்டு, "அங்கமுத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அங்கமுத்து கோபித்துக்கொண்டு இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வரமாட்டான், பந்தி போட்டால் வருவான்.

சாந்தாவுக்குப் படி ஏற முடியாது என்றால் சொல், கீழேயே ஓர் அறை பார்த்து வைக்கிறேன். முந்தின நாள் மத்தியானமே வந்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. நீ கண்ணை மூடிக்கொண்டு என் குரலை வயிறு நிறையக் கேட்டாய். நான் உன் காதருகே கிடந்து, ஒரு வார்த்தை பேசுடா, ஒரு வார்த்தை பேசுடா என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? நீ பேசவில்லை. உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அதற்காகத்தான் நான் அதிகம் அழுதேன். நீ செத்ததற்குக்கூட அவ்வளவு அழவில்லை.

சாமி குற்றம் என்றால் அது என் தலையில் விழட்டும். தட்டும் பட்டுமாக வந்து ஊமை மாதிரி உள்ளே நுழையாதே. வாசலில் நின்று அக்கா என்று கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு. நான் பின்கட்டில் அடுப்பு வேலையாக இருப்பேன்.

பொன்னம்மாள்